ஐந்து மீட்டருக்கு ஒரு பை

சித்திரையில் உளுந்து பிடுங்கிய வயல்களில்
ஆரஞ்சு வயர்கள் ஓடின, வரப்பு பார்க்காமல்.
அடியில் வெடி.
மேலே ஒரு கொக்குகூடக் கிளம்பவில்லை,
டீ டம்ளரில் மட்டும் ஒரு வளையம்.

புவனகிரிக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கு இந்தப் பக்கம்
மூன்று ஏக்கருக்குக் கிராவல் கொட்டினார்கள்.
ஆனியில் குத்தகைப் பணம் வந்தது.
ஆடியில் அறுபத்திரண்டு லாரிகளில்
படுத்தபடி வந்த இரும்புக் கோபுரம்
எழுந்து நின்றது.

என் வேலை கல் கழுவுவது.
ஐந்து மீட்டருக்கு ஒருமுறை
சேற்றோடு ஏறிவரும் துகளைச் சல்லடையில் அலசி,
பையில் போட்டு, ஆழம் எழுதி,
புற ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்ப்பேன்.
எண்ணெய் இருந்தால் மஞ்சளாய் மினுங்கும்.
குழாய்க்குத் தடவிய கிரீஸும் மினுங்கும்.
இரண்டையும் பிரித்தறியத்தான் சம்பளம்.

பாறை அடுக்குகளுக்குப் பெயர் வைத்தவர்
பஸ்ஸில் போனவராக இருக்க வேண்டும்:
கடலூர், பரங்கிப்பேட்டை, குடவாசல்,
புவனகிரி, சாத்தப்பாடி, ஆண்டிமடம்.
புவனகிரியில் நின்றுகொண்டு
புவனகிரி போய்ச்சேர
எங்களுக்கு ஐம்பத்துமூன்று நாள்.

கேட்டில் காவலுக்கு உள்ளூர்க்காரர்.
பதிவேட்டுக்காகப் பெயர் கேட்டேன்.
"மண்ணாங்கட்டி."
சிரித்துவிட்டேன்.
"எனக்கு முன்னாடி மூணு. ஒண்ணும் தங்கல.
நல்ல பேரா வச்சா எமன் வந்து கேக்குறான்,
இத எவன் கேப்பான்னு வச்சாங்க.
அம்பத்தாறு வருஷமா ஒருத்தனும் கேக்கல."
சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தை வாங்கி மாட்டினார்.
அது அவருக்குப் பெரிது.

"கெணறுன்றீங்க, தண்ணி எத்தன அடியில?"
பால் ஊற்ற வரும் பூரணி கேட்டாள்.
நூறு மீட்டருக்குள்ளேயே இருந்தது, நல்ல தண்ணீர்.
இரும்பும் சிமெண்டும் வைத்து அதை ஒதுக்கிவிட்டுத்தான்
கீழே இறங்கினோம்.
டம்ளரைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

ஐப்பசி இருபத்துமூன்று. வெள்ளாறு ஏறியது.
சுற்றுவட்டத்தில் மேடு என்றால் எங்கள் கிராவல்தான்.
'வெளியாட்களுக்கு அனுமதி இல்லை' பலகையின் கீழ்
மண்ணாங்கட்டி கேட்டைத் திறந்தார்.
நாற்பது பேர், ஆடுகள், ஒரு தையல் மிஷின்,
ஒரு கேஸ் சிலிண்டர்.
பாதுகாப்பு அதிகாரி சிலிண்டரை மட்டும்
வெளியே வைக்கச் சொன்னார்.
வெளியே என்பது இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது.
அன்றிரவுப் பைகள் மூன்றில்
கல்லோடு ஆட்டுப் புழுக்கை.
ஆழத்தோடு அதையும் எழுதினேன்.

மார்கழியில் ஒருமுறை மஞ்சள் தெரிந்தது.
இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது மீட்டர்.
யாரும் தூங்கவில்லை.
இரண்டு இரவு சுடர் எரிந்தது,
விடிந்துவிட்டதென்று எழுந்து
நள்ளிரவில் கோலம் போட்டார்கள்.
மூன்றாம் நாள் உப்புத்தண்ணீர்.

தையில் சிமெண்ட் ஊற்றி மூடினோம்.
மாசியில் லாரிகள். இம்முறை ஐம்பத்தெட்டு;
மீதி நான்கில் என்ன வந்தது, எங்கே போயிற்று?
அறிக்கையின் கடைசித் தாளில்
'முடிவு' என்ற இடத்துக்கு நேரே கோடு.
வறண்டது என்று எழுதும்முன்
பேனாவை மூடிவிட்டு வெளியே வந்தேன்.
கிராவல், நடுவில் தலை வெட்டிய குழாய்,
வரப்புக்கு அப்பால் பூவெடுத்த உளுந்து.
நாங்கள் நிலத்திடம் பெயர் கேட்டிருக்கிறோம்.
அது சொல்லியிருக்கிறது.

பங்குனியோடு அவருக்குச் சம்பளம் நின்றது.
தலைக்கவசத்தைத் திருப்பித் தந்தார்,
உள்பட்டையில் வெள்ளையாய் உப்பு.
போனவர் கேட் அருகே நின்று திரும்பினார்:
"இன்னும் கொஞ்சம் கீழ போயிருந்தா
இருந்திருக்குமோம்மா?"